அச்சமும் அரணும்
உளவியக்க நோக்கு பற்றிய ஒரு மதிப்பீடு

மனிதர் கூடி வேலைசெய்யும் இடங்களிலே அவ்வேலைக்கே ஊறு விளைக்கும் வழக்கங்கள் நிலைபெற்றிருப்பதைக் காண்கிறோம். நோயாளரைப் பேணவென அமைந்த வைத்தியசாலை நோயாளரின் பெயரை மறக்கின்றது. கற்பிக்கவென அமைந்த பாடசாலை பதிவேடுகளை நிரப்புவதிற் பொழுதைக் கழிக்கின்றது. தொழிலாளரின் குரலாக எழுந்த சங்கம் தலைவர் ஒருவரின் குரலாகச் சுருங்குகின்றது. இவற்றிற்கு விளக்கங் கேட்டால் இருவகை விடைகள் ஆயத்தமாக உள்ளன. ஆட்கள் சரியில்லை என்பது ஒன்று. சமுதாய அமைப்புச் சரியில்லை என்பது மற்றையது. முன்னையது அதிகாரிகளின் விடை. பின்னையது எம்மவரின் விடை. பின்னையதே உண்மைக்கு அண்மையிலுள்ளது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், அமைப்பானது மனித உள்ளத்தினூடாக எவ்வாறு தொழிற்படுகின்றது, அதனால் வருந்துவோரே அதனைக் கட்டிக்காப்பது ஏன் என்னும் வினாக்களுக்கு அவ்விடை மட்டும் போதுமா?

இவ்வினாக்களுக்கு விடை கூறுவதாக உரிமை பாராட்டும் கொள்கையொன்று சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இங்கிலாந்தில் உருவாயிற்று. அதனை உளவியக்க நோக்கு என்பர். தனிமனிதரின் நடத்தைக்கு அவர் அறியாத உள்ளத்து விசைகள் காரணமாவது போலவே, குழுக்களின் போக்கிற்கும் நிறுவனங்களின் அமைப்பிற்கும் அவற்றின் உறுப்பினர் அறியாத அச்சங்களும் ஆசைகளும் காரணமாகின்றன என்பதே அதன் சாரம். இன்று இக்கொள்கை முகாமையாளர்களுக்கான பயிற்சிகளிலும் ஆலோசகர்களின் அறிக்கைகளிலும் வாழ்கின்றது. முற்போக்காளர் பலர் இதனை முதலாளித்துவத்தின் இன்னொரு மயக்க மருந்து என்று கூறி ஒதுக்கிவிடுவர். ஒதுக்குவதற்கு முன்னர் ஆராய்தல் எமது கடன்.

இக்கொள்கையின் முன்வரலாறே அதன் வர்க்கச் சார்பை ஓரளவு காட்டிக்கொடுக்கின்றது. 1895இல் பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் லெ பொன் மக்கட் கூட்டங்களின் உளவியல் பற்றி நூலொன்று வெளியிட்டார். 1871ஆம் ஆண்டின் பாரிஸ் கொம்யூனைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். வீதியில் இறங்கிய மக்கள் அவருக்கு அறிவிழந்த மந்தையாகத் தோன்றினர். அவர்கள் ஏன் இறங்கினர், எதனைக் கேட்டனர் என்பன அவருக்கு முக்கியமாகப்படவில்லை. 1921இல் சிக்மண்ட் பிராய்ட் குழு உளவியல் பற்றி எழுதியபொழுது லெ பொன்னின் வருணனையிலிருந்தே தொடங்கினார். எனினும், கலைந்துபோகும் கூட்டத்தை விட்டு, நிலைத்து நிற்கும் அமைப்புகளாகிய திருச்சபையையும் படையையும் அவர் ஆராய்ந்தார். அவற்றின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தலைவனைத் தம் உள்ளத்து இலட்சியத்தின் இடத்திலே வைக்கின்றனர். அவ்வாறு வைத்தமையாலேயே தமக்குள் ஒருமைப்பாடு கொள்கின்றனர். அப்பிணைப்பு அறுந்தால் கிலி பரவும் என்பது அவர் கண்ட முடிபு. பாசிசம் ஐரோப்பாவை விழுங்குவதற்கு முன்னரே எழுதப்பட்ட இவ்விளக்கத்தின் கூர்மையைப் பின்வந்த வரலாறு மெய்ப்பித்தது. ஆயின், திருச்சபையும் படையும் மேலிருந்து ஆணைபெறும் அமைப்புகள். கீழிருந்து எழும் தொழிற்சங்கத்தையோ கூட்டுறவுச் சங்கத்தையோ எடுத்து ஆராய்ந்திருந்தால் தலைவனே குழுவின் உயிர்நாடி என்ற முடிபு அத்துணை எளிதிற் கிட்டியிராது.

பிராய்டுக்குப் பின்னர் இத்துறைக்கு வழிகாட்டியவர் 1926இல் லண்டனிற் குடியேறிய மெலனி கிளைன். தாங்கவொண்ணாத அச்சம் நேரும்போது குழந்தை உலகை நல்லது, தீயது என இரண்டாகப் பிளக்கின்றது. தன்னுள் எழும் தீயதைப் பிறர்மேல் ஏற்றுகின்றது. வளர்ந்தோரும் நெருக்கடியில் இவ்வுத்திகளுக்கே மீள்கின்றனர் என்றார் அவர். இக்கருத்தைக் குழுக்களுக்குப் பொருத்தியவர் வில்பிரட் பியோன். இவர் 1897இல் வட இந்தியாவின் மதுராவிற் பிறந்தவர். எட்டு வயதில் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பப்பட்டவர். முதலாம் உலகப் போரிலே டாங்கிப் படையிற் பணிபுரிந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பேர்மிங்ஹாமுக்கு அருகிலிருந்த நோர்த்பீல்ட் படை வைத்தியசாலையில் ஜோன் ரிக்மனுடன் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார். மனநோயுற்ற வீரர்கள் தமது நோயைப் பொது எதிரியாகக் கொண்டு, தாமே குழுக்களாக இயங்கி அதனை எதிர்கொள்ள வேண்டும் என்பதே சோதனையின் நோக்கம். ஆறு வாரங்களில் மேலிடம் அதனை நிறுத்திவிட்டது.

1961இல் நூலாக வந்த அவரது கட்டுரைகளின் மையக் கருத்து பின்வருமாறு: எக்குழுவும் ஒரே வேளையில் இரு குழுக்களாக இயங்குகின்றது. ஒன்று, எடுத்த பணியைச் செய்யும் குழு. மற்றையது, தான் அறியாத ஓர் அடிப்படை எண்ணத்தினால் ஆட்டுவிக்கப்படும் குழு. அவ்வெண்ணம் மூவகைப்படும். தலைவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் எனச் சார்ந்திருத்தல் முதலாவது. எங்கோ ஒரு பகைவன் உளன், அவனோடு பொருதவேண்டும் அல்லது அவனிடமிருந்து ஓடவேண்டும் என்பது இரண்டாவது. இருவர் இணைந்து இனிப் பிறக்கப்போகும் மீட்பனையோ புதிய கருத்தையோ தருவர் என்று காத்திருத்தல் மூன்றாவது. பியோனின் நடை கரடுமுரடானது. பல இடங்களிற் பொருள் மயங்குகின்றது. ஆயினும், ஆண்டுப் பொதுக்கூட்டமொன்றிலே மூன்று மணிநேரம் இருந்தவர் எவரும் இம்மூன்றையும் அடையாளங் காண்பதிற் சிரமப்படார்.

இக்கொள்கையின் உண்மையான வலிமையையும் குறையையும் ஒருங்கே காட்டுவது ஐசபெல் மென்ஸீசின் ஆய்வு. 1947இல் அமைக்கப்பட்ட டவிஸ்டொக் மனித உறவுகள் நிலையத்தைச் சேர்ந்த இவர், லண்டனிலுள்ள போதனா வைத்தியசாலையொன்றின் தாதிமார் சேவை பற்றி எழுதிய அறிக்கை 1960ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. தாதி மாணவியரின் பயிற்சியைச் சீர்செய்ய உதவுமாறு அவ்வைத்தியசாலையே நிலையத்தை நாடியிருந்தது. பயிற்சிக்கு வந்தோருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் அதனை முடிக்காமலே போயினர். அவர்களுட் பெரும்பாலோர் தாமாகவே விலகினர்.

மென்ஸீஸ் கண்டது யாது? தாதியின் வேலை அச்சத்தின் மத்தியிலே நடைபெறுவது. நோய், வலி, அசுத்தம், சாவு ஆகியவற்றை அவள் நாள்தோறும் தொட்டுப் பழக வேண்டும். இரக்கம், அருவருப்பு, குற்றவுணர்வு, சினம் யாவும் அவளுள்ளே ஒருங்கே எழும். இவ்வச்சத்தைத் தாங்குவதற்கு அவளுக்கு உதவவேண்டிய வைத்தியசாலை, அச்சமே தலைகாட்டாதிருக்கும் வகையில் வேலையையே துண்டாடியிருந்தது. ஒரு தாதி சில நோயாளரை முழுமையாகப் பராமரிப்பதில்லை. பல நோயாளருக்குச் சிறுசிறு பணிகளைச் செய்துவிட்டு நகர்வாள். நோயாளர் கட்டில் இலக்கத்தாலோ நோயுற்ற உறுப்பின் பெயராலோ சுட்டப்பட்டனர். எந்தத் தாதியும் எந்த நோயாளருக்கும் பொருந்துவாள் என்பது எழுதாச் சட்டம். ஆகவே மாணவியர் அடிக்கடி, முன்னறிவித்தலின்றி, ஒரு விடுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டனர். சிந்தித்து முடிவெடுக்க வேண்டியவற்றையெல்லாம் சடங்காக்கினர். முடிவெடுத்தே ஆகவேண்டியபோது ஒருவர் செய்ததை மற்றொருவர் சரிபார்த்து, அதனை வேறொருவர் சரிபார்த்து, பொறுப்பு எவரிடத்தும் தங்காதவாறு கலைத்துவிட்டனர். கீழுள்ளோர் பொறுப்பற்றவர் என மேலுள்ளோரும், மேலுள்ளோர் கொடியர் எனக் கீழுள்ளோரும் கருதினர். தம்முள் இருந்த கடுமையையும் கவனக்குறைவையும் இவ்வாறு ஒருவர்மேல் ஒருவர் ஏற்றிக்கொண்டனர்.

இவையெல்லாம் அச்சத்திற்கு எதிராக எழுப்பப்பட்ட அரண் என்றார் மென்ஸீஸ். ஆனால் இவ்வரண் அச்சத்தைத் தீர்க்கவில்லை. எதிர்கொள்ளாமல் ஒதுக்கிவைத்தது மட்டுமே. மேலும், தன் கையாற் பேணி ஒருவரைக் குணப்படுத்தினோம் என்னும் நிறைவையும் அது தாதியிடமிருந்து பறித்துவிட்டது. ஆகவே, இத்தொழிலுக்கு மிகவும் தகுதிவாய்ந்த, முதிர்ந்த உள்ளத்தினரே வெளியேறினர். அமைப்பைத் திருத்தக்கூடியவரை அமைப்பே துரத்தியது. மாற்றத்துக்கான யோசனைகள் வந்தபோதும் அரணைக் குலைக்காதவை மட்டுமே எளிதில் ஏற்கப்பட்டன. மென்ஸீஸ் எவரையும் குற்றஞ் சாட்டவில்லை, புகழவுமில்லை. பியோனிடம் இல்லாத தெளிவு அவரிடம் உண்டு. ஆலோசகர் எழுதும் அறிக்கைகளிடையே மனிதத் துன்பத்தை இத்துணை நேர்மையாக நோக்கியவை மிகச் சில என்றே கூறவேண்டும்.

எனினும், அவ்வறிக்கையே தரும் ஒரு கணக்கை நாம் மீண்டும் நோக்கவேண்டும். ஏறக்குறைய 700 கட்டில்கள் கொண்ட அவ்வைத்தியசாலையிலே தாதிமார் தொகையும் ஏறக்குறைய 700. அவர்களுள் முழுப் பயிற்சி பெற்றவர் 150 பேரளவிலேயே இருந்தனர். எஞ்சிய 550 பேரும் மாணவியர்! அதாவது, வைத்தியசாலையை நடத்தியவர்கள் கற்க வந்த இளம்பெண்களே. விடுதிகளின் ஆட்டேவைக்கும் அவர்களின் பயிற்சிக்கும் இடையிலிருந்த முரண்பாட்டை மென்ஸீஸ் அறிந்தேயிருந்தார். ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கிற்று. ஆனால் விரைவிலேயே அவர் அதனை விட்டு உள்ளத்தினுட் புகுந்துவிடுகின்றார். பயிற்சி பெற்ற தாதியரை வேண்டிய அளவிற் சம்பளங் கொடுத்து நியமிக்காமல், மலிவான மாணவர் உழைப்பிலே நோயாளர் பராமரிப்பை ஓட்டிச்செல்வது யாருடைய அச்சத்திலிருந்து பிறந்த ஏற்பாடு? அது அச்சத்திலிருந்து பிறந்ததன்று. செலவுக் கணக்கிலிருந்து பிறந்தது. இரவோடிரவாக மாணவியை இன்னொரு விடுதிக்கு மாற்றுவது உணர்ச்சிப் பிணைப்பைத் தடுக்கும் அரண் மட்டுமன்று. ஆள் பற்றாக்குறையை மறைக்கும் ஒட்டுவேலையுமாகும்.

அப்படியாயின், மென்ஸீசின் விளக்கம் பொய்யா? இங்கேதான் எம்மவர் அவசரப்படக் கூடாது. பற்றாக்குறை மட்டுமே காரணமெனின், ஒருவர் செய்ததை மூவர் சரிபார்ப்பதேன்? ஆளில்லாத இடத்தில் அது வீண்செலவன்றோ? நோயாளரைப் பெயர்சொல்லி அழைப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. அப்படியிருந்தும் ஏன் அழைக்கவில்லை? பொருளாதார நெருக்கடி, தாங்கவியலாத ஒரு வேலையை ஆயத்தமற்ற கைகளிலே திணித்தது. திணிக்கப்பட்டோர் தம்மைக் காத்துக்கொள்ள வழிதேடினர். அவ்வழிகள் வழக்கமாகி, விதியாகி, மரபு என்னும் பெயரையும் பெற்றன. பின்னர் அம்மரபைத் தொடுவோரை, வருந்துவோரே எதிர்த்தனர். இவ்வாறு நோக்கும்பொழுது இரு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுக்காமல் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகின்றன. முதற் கண்ணியை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து கதையைத் தொடங்கியதே மென்ஸீசின் குறை.

முதற் கண்ணியிலிருந்து தொடங்க முடியும் என்பதற்கு அதே நிலையத்தவரின் முந்திய ஆய்வொன்றே சான்றாகின்றது. எரிக் டிரிஸ்டும் முன்னாட் சுரங்கத் தொழிலாளியான கென் பாம்போர்த்தும் 1951இல் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்கள் பற்றி எழுதினர். பழைய முறையிலே, தாமே ஒருவரையொருவர் தேர்ந்துகொண்ட இருவர் அல்லது மூவர் சிறு குழுவாக நிலக்கரி எடுக்கும் வேலை முழுவதையும் செய்தனர். தோழன் காயமுற்றால் அவன் குடும்பத்தைக் கவனிப்பதும் வழக்கமாயிருந்தது. இயந்திரங்கள் வந்தபின், நீண்ட சுரங்க முகப்பிலே ஏறக்குறைய நாற்பது பேர் மூன்று முறைகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு முறையினர் வெட்டுவர். அடுத்தவர் சுமைப்பட்டியை நகர்த்துவர். மூன்றாமவர் நிலக்கரியை அள்ளி நிரப்புவர். முன்னவர் விட்ட குறை பின்னவர் தலையில் விழும். ஆயினும் அவர்கள் ஒருவரையொருவர் காண்பதேயில்லை. இருளிலே, இடிந்து விழக்கூடிய கூரையின்கீழ், அள்ளுவோன் தன் பங்கினுள் தனித்து நின்றான். இதன் விளைவாகச் சிறு கும்பல்கள் தோன்றின, தன்னலம் பெருகிற்று, ஒருவர்மேலொருவர் பழிபோட்டனர், வேலைக்கு வராமை மிகுந்தது. இவற்றை ஆய்வாளர் தற்காப்புகள் என்றே கொண்டனர். ஆயின், அவற்றின் வேரை அவர்கள் குழந்தைப் பருவத்திலே தேடவில்லை. வேலை பிரிக்கப்பட்ட விதத்திலே கண்டனர். இயந்திரங்களைப் பயன்படுத்திக்கொண்டே, தொழிலாளர் தாமே வேலையைப் பங்கிட்டு நடத்தும் குழுக்கள் தென் யோர்க்சயர்ச் சுரங்கமொன்றில் இயங்குவதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

இவ்வாய்வின் சிறப்புக்குக் காரணம் யாது? ஆய்வாளருள் ஒருவர் தாமே சுரங்கத்தில் உழைத்தவர் என்பதை நாம் தற்செயலாகக் கொள்ளவில்லை. ஆனால் இதற்கும் எல்லையுண்டு. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அச்சுரங்கங்கள் அரசுடைமையாகிவிட்டன. அவ்வாறிருந்தும் உழைப்போர் தாமே வேலையை நடத்தும் முறை துறை முழுவதிலும் பரவவில்லை. உடைமை மாறினும் அதிகாரம் மாறவில்லை என்ற பாடத்தை டிரிஸ்ட் எழுதவில்லை. அதனை வாசகரே எழுதிக்கொள்ளல் வேண்டும்.

நிறுவனம் அச்சத்துக்கு அரண் என்ற கருத்தை 1955இல் முதன்முதல் விரித்துரைத்தவர் எலியட் ஜாக்ஸ். கப்பலில் நேரும் குறைகளுக்கெல்லாம் முதலாம் அதிகாரியே காரணம் என மாலுமிகள் கொள்வதையும், அதனாற் கப்டன் மாசற்றவராக விளங்குவதையும் அவர் உதாரணமாகத் தந்தார். எமது அலுவலகங்களை அறிந்தோர்க்கு இவ்வுதாரணம் மிகப் பழக்கமானது. தலைவர் நல்லவர், சுற்றியுள்ளோர்தாம் கெட்டவர் என்னும் பேச்சை நாம் எங்குதான் கேட்கவில்லை! ஆனால் அதே ஜாக்ஸ் 1995இல், நிறுவனங்களை உளப்பகுப்பினால் விளங்கிக்கொள்ளும் முயற்சியே பயனற்றது, தீங்கானது என்று எழுதினார். நிறுவனத்தின் பிழையான ஒழுங்கமைப்பே மனிதரின் அச்சங்களைக் கிளறுகின்றது என்பது அவரது பிற்கால நிலைப்பாடு. நாற்பதாண்டு அனுபவம் அவரை எமது நிலைப்பாட்டின் வாயில்வரை கொண்டுவந்தது எனலாம். வாயிலைத் தாண்டி அவர் உள்ளே வரவில்லை. நன்கு படிநிலைப்படுத்தப்பட்ட முகாமை அதிகாரமே அவர் கண்ட மருந்து. அதிகாரம் யாருக்குரியது என்ற வினா அவரிடம் எழவேயில்லை.

மார்க்சிய விமரிசகர் இக்கொள்கையின் மூலத்தை முன்னரே ஆராய்ந்துள்ளனர். 1937இல் ஸ்பானியப் போர்முனையில் வீழ்ந்த கிறிஸ்தோபர் கோட்வெல், மறுவருடம் வெளிவந்த கட்டுரைத் தொகுதியிலே பிராய்டை ஒரு முதலாளித்துவ உளவியலாளராக மதிப்பிட்டார். இயல்பிலே சுதந்திரமான உணர்ச்சிகளைச் சமுதாயம் வந்து விலங்கிடுகின்றது என்னும் எண்ணமே முதலாளித்துவத்தின் மாயை. சமுதாய உறவுகளினூடாகவே மனிதன் சுதந்திரமடைகின்றான் என்பது அவர் வாதம். அது சரியான வாதம். ஆனால் அதனை ஒப்பிக்கும் எம்மவர் பலர், உள்ளம் என்னும் பொருளையே ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டனர். கோட்வெல் கேட்டது அதுவன்று.

தமிழ் படித்தோர்க்கு இங்கே தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வரும். அச்சம் பிறக்கும் இடங்களை அவர் நான்காக வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கு கண்ணுக்குப் புலனாகாதது, கள்வர் உடைமையைப் பறிப்போர், இறை ஆள்வோர். உளவியக்கத்தார் அணங்கொன்றையே கண்டு, கள்வரையும் இறையையும் மறந்தனர். தாதி சாவைக் கண்டு அஞ்சினாள் என்றனர். வேலை நீக்கத்தையும் மேலதிகாரியின் குறிப்பேட்டையும் கண்டு அஞ்சியதை ஓரத்தில் வைத்தனர். நாமோ கள்வரையும் இறையையும் சரியாகவே கண்டோம். அணங்கென்று ஒன்றுண்டு என்பதை மறந்தோம். தொல்காப்பியரின் பட்டியல் எம் இருசாராரினதையும்விட முழுமையானது.

அணங்கை மறந்ததன் விலையை எமது இயக்கங்கள் கொடுத்துவந்துள்ளன. இலங்கை இடதுசாரி இயக்கம் 1935 தொடக்கம் பல பிளவுகளைக் கண்டது. 1964இல் சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்திற் சேர்ந்தபோது ஏற்பட்ட பிளவு கொள்கைப் பிளவே. அதனைத் தந்தை மகன் பூசலாக விளக்குவது வரலாற்றை அவமதிப்பதாகும். ஆயின், எத்தனை கிளைக்கூட்டங்களிலே கொள்கை வேறுபாடு எதுவுமின்றியே துரோகிகள் கண்டுபிடிக்கப்பட்டனர்! எத்தனை சங்கங்களிலே செய்யவேண்டிய வேலை கிடக்க, தலைவரின் வாயையே அனைவரும் பார்த்திருந்தனர்! அடுத்த மாநாடு, அடுத்த தலைமுறை, அடுத்த தலைவர் என்று காத்திருந்தே எத்தனை ஆண்டுகள் கழிந்தன! பியோன் படைமருத்துவராயிருந்தவர், எம்மவரல்லர். எனினும், அவர் காட்டிய கண்ணாடியில் எமது முகம் தெரியுமாயின், கண்ணாடியை உடைப்பது அறிவுடைமையாகாது.

அதேவேளையில், இக்கண்ணாடி இன்று யார் கையிலிருக்கின்றது என்பதையும் நாம் மறத்தலாகாது. 1957இல் டவிஸ்டொக் நிலையமும் லெஸ்டர்ப் பல்கலைக்கழகமும் தொடங்கிய குழு உறவுப் பயிலரங்குகளின் வழிவந்த முறைகள், கட்டணஞ் செலுத்தக்கூடிய நிறுவனங்களின் பயிற்சித் திட்டங்களாகப் பரவியுள்ளன. அங்கே தொழிலாளியின் முறைப்பாடு மேலதிகாரிமேல் ஏற்றப்பட்ட தந்தைக் கோபமாக மாறக்கூடும். வேலைநிறுத்தம் பொருதும் எண்ணமாகிவிடக்கூடும். சம்பள உயர்வுக் கோரிக்கை சார்ந்திருக்கும் மனப்பான்மையாகிவிடக்கூடும். நியாயமான கோபத்தை நோயாக்குவதைவிட வசதியான அடக்குமுறை வேறில்லை. முகாமையின் ஆட்குறைப்பு முடிவும் ஓர் அச்சத்தின் வெளிப்பாடே என்று அதே பயிலரங்குகள் அதே துணிவோடு கூறுமாயின், அவற்றின் நேர்மையை நாம் நம்பலாம். ஆராயப்படுவோர் எப்பொழுதும் கீழுள்ளோராகவே இருப்பின் அது ஆராய்ச்சியன்று, கண்காணிப்பு.

ஆகவே, இக்கொள்கையை ஏற்பதா மறுப்பதா என்று கேட்பதிலும், எந்த ஒழுங்கிலே பயன்படுத்துவது என்று கேட்பதே பொருத்தமானது. ஒரு நிறுவனத்தில் மனிதர் துன்புறும்பொழுது முதலிற் கேட்கவேண்டியவை பொருளியல் வினாக்கள்: எத்தனை பேர் செய்யவேண்டிய வேலையை எத்தனை பேர் செய்கின்றனர்? வேலையைப் பிரித்தவர் யார்? அதனால் மிச்சம் பிடித்தவர் யார்? அடுத்துக் கேட்கவேண்டியவை உளவியல் வினாக்கள்: அவ்வேலை எவ்வச்சத்தை எழுப்புகின்றது? அவ்வச்சத்திலிருந்து தப்புவதற்கு நாமே எழுப்பிய அரண் எது? அதனைக் காப்பதில் நாம் இழப்பது யாது? முதலாம் வினாக்களைக் கேளாதவன் ஆட்சியாளரின் கருவியாவான். இரண்டாம் வினாக்களைக் கேளாதவன், ஆட்சி மாறிய மறுநாளே பழைய அரணைப் புதிய பெயரோடு கட்டத் தொடங்குவான்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வினாக்களைத் தமது கூடத்திலிருந்தே தொடங்கலாம். நாற்பது பேருக்கு மேற்பட்ட வகுப்பும், முடிவின்றி வரும் சுற்றுநிருபங்களும், பரீட்சைப் பெறுபேறென்னும் ஒற்றை அளவுகோலும் ஆசிரியர் உண்டாக்கியவையல்ல. ஆனால் மாணவனைச் சுட்டெண்ணாகவும் கெட்டிக்காரன், மொக்கன் என்னும் இரு பிரிவுகளாகவும் காணும் வழக்கத்தை மேலிடம் மட்டுமே புகுத்தவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் முழுமையாக அறிந்தால் அப்பிள்ளையின் பசியையும் வீட்டின் வறுமையையும் அறியவேண்டிவரும். அறிந்தபின் வாளாவிருத்தல் இயலாது. அறியாதிருத்தலே இங்கு அரண். லண்டன் வைத்தியசாலையிலே கட்டில் இலக்கம் செய்த வேலையைத்தான் எமது வகுப்பறையிற் சுட்டெண் செய்கின்றது. வகுப்பின் தொகையைக் குறைக்கப் போராடுதல் சங்கத்தின் கடமை. அப்போராட்டம் வெல்லும்வரை காத்திராமல், பிள்ளையைப் பெயர்சொல்லி அழைத்து, அப்பெயரோடு வரும் அச்சத்தைச் சக ஆசிரியரோடு கூடித் தாங்குதலும் அச்சங்கத்தின் கடமையே. இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் அமைப்பிலே அச்சம் ஒழிந்துவிடாது. ஆனால் அதனை மறைப்பதற்கு எவரும் நோயாளரையோ மாணவரையோ பலியிட வேண்டியிராது.